பதினேழாம் நம்பர் புற்று

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டீச்சரிடம் மட்டும் யாரும் பஸ்ஸைப் பற்றி விசாரிப்பதில்லை. விசாரித்தவர்கள் ஒரு முறையோடு சரி.

"டீச்சர், சிவகிரி பஸ் போயிட்டா?"

"நான் வந்த பிறகு போகலை."

"அதுக்கு முந்தி?"

"அப்ப நான் இங்க இல்லையே."

கேட்டவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெற்றிலை பாக்குக் கடைக்குப் போவார். கடைக்காரர் பாக்கு வெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் "போயிட்டு" என்பார். பஸ் போயிருக்காது. கொஞ்ச நேரத்தில் புழுதியோடு வந்து நிற்கும். ஆனாலும் மறுநாளும் ஊர் கடைக்காரரிடம்தான் கேட்டது. தப்பாகச் சொன்னாலும் அவர் ஒரு பதிலைச் சொன்னார்.

டீச்சர் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. எண்பதுகளின் தொடக்கம் அது. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், மாற்றலில் வந்தவர். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். தனியாக, தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தார். நான் அப்போது மதுரைப் பத்திரிகை ஒன்றின் பகுதிநேர நிருபர். சாயங்காலம் செய்திக் கவரை மதுரை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவது என் அன்றாட வேலை. அதனால் பஸ் ஸ்டாண்டில் அவரை அடிக்கடி பார்ப்பேன். அவர் குருவிகுளம் பஸ்ஸுக்கு நிற்பார். தோளில் ஒரு துணிப்பை, கையில் கைப்பிடி நீளமான ஒரு எவர்சில்வர் கரண்டி.

பார்த்ததை மட்டும் சொல்லுவார். பார்த்த அளவுக்குச் சொல்லுவார். இது பெரிய குணமாகத் தோன்றாது. பக்கத்தில் இருந்து அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு முறை பள்ளி வாசலில் சைக்கிள் திருடினான் என்று ஒரு பையனைப் பிடித்து வைத்துக்கொண்டு, திருட்டைப் பார்த்த சாட்சி என்று இவரைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர், "இவன்தானேம்மா?" என்றார். "சட்டை அதுதான்," என்றார் இவர். "சட்டைக்குள்ள இருக்கிறவன்?" "முதுகைத்தான் பார்த்தேன் சார். முகத்தைப் பார்க்கலை." சப்-இன்ஸ்பெக்டர் அவனைத் திரும்பி நிற்கச் சொன்னார். "இப்படித்தான் இருந்தது. இது மாதிரி முதுகு நிறைய இருக்குமே," என்றார் இவர். பையன் வெளியே வந்து இவருக்கு ஒரு கும்பிடு போட்டான். சைக்கிளைப் பறிகொடுத்தவர் அதன் பிறகு இவரோடு பேசவில்லை.

இன்னொன்று சிரிக்க முடியாதது. இவரிடம் படித்த ஒரு பெண்ணுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ராஜபாளையம். வழக்கப்படி அக்கம்பக்கம் விசாரிக்க வந்தவர்கள் இவரிடமும் வந்து, "பிள்ள குணம் எப்படி?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு இந்த ஜில்லாவில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. "தங்கமான பிள்ள" என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்ப வேண்டியது. இவர், "வகுப்புல ஒழுங்கா இருப்பா, படம் நல்லா வரைவா. வீட்டுல எப்படின்னு நான் பார்த்ததில்லை," என்றார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரன் திரும்பிவிட்டது. பெண்ணின் தாய் இவர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். இவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே அம்மா," என்றார். அந்த நேரத்தில் சொல்லக்கூடாத வார்த்தை அது என்பதுகூட அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

கரண்டிக்கு வருகிறேன். அவர் மதுரையில் ஒரு பேராசிரியரின் கீழ் பகுதிநேர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களில் சீழ்க் கிருமியைக் கொல்லும் ஒன்று இருக்கிறதா என்று தேடுவது. காசநோய்க்குப் போடுகிற ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியே மண்ணில் இருந்து வந்ததுதான் என்பதை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண் பிரசாதம். நெற்றியில் இடுவார்கள், உடம்பில் பூசுவார்கள், நாக்கில் வைப்பவர்களும் உண்டு. "ஊரே இத்தனை காலமாச் சொல்லுது. இல்லைன்னு சொல்றதுக்காவது ஒரு தடவை பார்க்கணும்ல?" என்பார். ஆனால் கோயில் மண்ணை அவர் தொடவில்லை. "அது கும்பிடறவங்களோடது" என்று குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் தரிசாகக் கிடந்த கறையான் புற்றுகளைத் தேடிப் போனார். மண் எடுத்த புற்றின் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, பெயிண்டில் நம்பர் எழுதிய தகரத் துண்டைக் கட்டிவிட்டு வருவார். மறுபடி வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே.

வீட்டின் பின்கட்டுதான் ஆய்வுக்கூடம். மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள். அதற்குள் கூழ் மாதிரி உறையும் கடல்பாசி. அதைக் கடையநல்லூரில் போய் வாங்கி வருவார். நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்ய அங்கே கடைகளில் நிறைய வரும். கடைக்கார பாய், "டீச்சருக்குக் கடப்பாசின்னா உசிரு போலுக்கு," என்று ஒரு முறை சர்க்கரையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார். இவர், "நான் சாப்பிடறதில்லை, கிருமிக்குப் போடறேன்," என்றார். பாய் அடுத்த தடவை பேசாமல் நிறுத்துக் கொடுத்தார்.

கிருமி வளர்க்கும் பெட்டியைச் சூடாக வைத்திருக்கப் பெரிய ஊர்களில் கருவி வைத்திருப்பார்களாம். சங்கரன்கோவில் சித்திரையில் சூடு ஒரு பிரச்சினையே இல்லை; ஆற வைப்பதுதான் பிரச்சினை. பெரிய பானைக்குள் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, அதற்குள் தட்டுகளை அடுக்கியிருந்தார். வெளியே ஈரச் சாக்கு. பார்க்கிறவர்கள் மோர்ப்பானை என்று நினைத்துக்கொள்வார்கள்.

சீழ் கொடுத்தது எங்கள் ஊர் டாக்டர் ஒருவர். கட்டியைக் கீறும்போது ஒரு பஞ்சில் தொட்டுக் குப்பியில் போட்டு வைப்பார். பென்சிலின் ஊசி போட்டால் முன்பெல்லாம் கட்டி மறுநாளே வாடிவிடும் என்றும், இப்போது எத்தனை போட்டாலும் அசைய மாட்டேன் என்கிறது என்றும் அவருக்கு ஒரு குறை. அதற்கு டீச்சர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "மெடிக்கல் ஷாப்புல ரெண்டே ரெண்டு கேப்சூல் வாங்கி முழுங்கறாங்க. வலி குறைஞ்சதும் நிறுத்திடறாங்க. செத்தது போக மிச்சம் இருக்கிற கிருமி அந்த மருந்தைப் படிச்சுக்குது. டியூஷன் எடுக்கிற மாதிரிதான் டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்து, "கேட்டீராவே? நம்ம ஊர்ல மனுசன் படிக்கானோ இல்லையோ, கிருமி பூரா கான்வென்ட்டுல படிக்கி," என்றார்.

"வயித்துக்குள்ள குடியிருக்கிற நல்ல கிருமிங்களும் அதுல போயிடும்," என்று டீச்சர் தொடர்ந்தார். "அதுங்க இல்லாம நமக்குச் சோறு செரிக்காது. நீங்க எதுக்கெடுத்தாலும் டெட்ராசைக்ளின் எழுதறீங்க."

டாக்டர் பேச்சை மாற்றிவிட்டார்.

நான் அவரைச் செய்தி ஆக்க ஒரு வருஷம் முயன்றேன். 'புற்றுமண்ணில் அரிய மருந்து: ஆசிரியை ஆய்வு' என்று தலைப்புகூட மனதில் இருந்தது. பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். "ஏதாவது கிடைச்சுதா டீச்சர்?" ஒன்றும் கிடைக்கவில்லை என்பார், அல்லது பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பார். என் தொழிலில் இரண்டுமே செய்தி ஆகாது.

பக்கத்து வீட்டில் ஆறுமுகம் என்று ஒரு நெசவாளி. அவர் மனைவி கோமதி, தறிக்கு நூலைத் தார் சுற்றுவாள். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம். டீச்சரோடு அந்தத் தெருவில் ஒட்டிப் பழகியது அவள் ஒருத்திதான். சுவருக்கு மேலாகக் குழம்புக் கிண்ணம் போகும், வரும். "உப்பு சரியா இருக்கான்னு இவ்வோகிட்ட மட்டும் கேக்கலாம். மத்தவளுவோ மூஞ்சிக்காக நல்லாருக்குன்னுருவாளுவோ" என்பாள்.

விறகு பொறுக்கப் போன இடத்தில் அவள் உள்ளங்காலில் சீமைக் கருவேல முள் ஏறியது. முள்ளை எடுத்துவிட்டாள். நுனி உள்ளே நின்றுவிட்டது போலும். புண் வைத்தது. மெடிக்கல் ஷாப்பில் கேப்சூல் வாங்கினாள். முழுங்கவில்லை, பிரித்து உள்ளே இருந்த மஞ்சள் பொடியைப் புண்ணில் தூவினாள். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பிறகு டாக்டர் பென்சிலின் போட்டார். கால் வீங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் அந்தச் சீழையும் வழக்கம்போல் டீச்சருக்குக் கொடுத்தனுப்பினார்.

நாலைந்து நாள் கழித்து டீச்சர் ஒரு தட்டைப் பின்கட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து கோமதி பார்த்திருக்கிறாள். அவரை அப்படி நின்று அவள் பார்த்ததே இல்லை. நொண்டிக்கொண்டே வந்து, "என்ன டீச்சர், சாமியப் பாத்த மாதிரி நிக்கிய?" என்றாள்.

டீச்சர் காட்டினார். இதை அவர் எனக்குப் பிற்பாடு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். தட்டு முழுக்க மங்கலாகப் பாசி படர்ந்த மாதிரி இருந்தது கோமதியின் காலில் இருந்து வந்த கிருமி. பென்சிலின் வைத்த இடத்திலும், மஞ்சள் பொடி வைத்த இடத்திலும் அது தாராளமாக வளர்ந்திருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையாக ஒன்று. அதைச் சுற்றிக் கண்ணாடி தெளிந்து வட்டமாகத் தெரிந்தது.

"அந்த வட்டத்துல கிருமி செத்துட்டா?"

"ஆமா. தட்டுல செத்துருக்கு."

"எங்கால்ல உள்ள கிருமியா?"

"உன் கால்ல உள்ளதுதான்."

"அப்ப இது மருந்துல்லா!"

"தெரியாது கோமதி. கிருமியைக் கொல்ல ஃபினாயில் கூடப் போதும். ஆளு உயிரோட இருக்கணும்ல? எலிக்குக் குடுத்துப் பார்க்கணும். இன்னும் எத்தனையோ இருக்கு. வருஷக் கணக்காகும்."

"அந்த வெள்ளப் பொட்டு எங்கன உள்ளது?"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சும்மா இருந்திருப்பார்கள். இவரிடம் கேள்வி கேட்டாயிற்று, பதில் தெரியும், சொல்லிவிட்டார். குருவிகுளம் ரோட்டில், ஒற்றை உடைமரத்துக்குத் தெற்கே, பதினேழாம் நம்பர் புற்று.

அன்று சாயங்காலமே ஆறுமுகம் சைக்கிளில் போய் ஒரு துண்டு நிறைய மண் கொண்டுவந்தார். கோமதி அதை நல்லெண்ணெயில் குழைத்துப் புண்ணில் அப்பிக் கட்டினாள். புற்றுமண் எங்கள் ஊரில் யாருக்கும் புதிதில்லை. புதிது, டீச்சர் கண்ணாடியில் காட்டினார் என்பது.

செய்தி எப்படிப் பரவும் என்பது என் தொழில். ஆனாலும் அது பரவிய வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் குருவிகுளம் ரோட்டில் போய்ப் பார்த்தேன். உடைமரத்தடியில் முப்பது, நாற்பது பேர். புற்றைச் சுற்றிக் கல் அடுக்கியிருந்தது. பதினேழு என்று எழுதிய தகரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூ சுற்றியிருந்தார்கள். அந்தக் காட்டில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் பூசாரியாகியிருந்தார். வாயையும் மூக்கையும் துண்டால் கட்டியிருந்தார். ஒரு கரண்டியைச் சூடத்தில் காட்டிவிட்டு மண்ணை அள்ளி, கையால் தொடாமல் ஒவ்வொருவருக்கும் போட்டார்.

"இது என்ன முறை அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் துண்டை இறக்கினார். "டீச்சரம்மா செஞ்ச முறைதான். நான் ஆட்ட விட்டுட்டுத் தூரத்துல நின்னு பாத்தம்லா. செருப்பத் தள்ளிக் கழத்திப் போட்டாவ. மூச்சு படாம வாயக் கட்டுனாவ. கரண்டியத் தீயில காட்டுனாவ. கையால தொடல. குனிஞ்சு கொஞ்ச நேரம் இருந்தாவ. நம்பர் கட்டுனாவ. எங்க கொலசாமிக்கும் வாயக் கட்டித்தான் பூச. எனக்கு அப்பமே தெரியும், இது சும்மா ஆள் இல்லன்னு."

வேறு கிருமி கலந்துவிடாமல் இருக்க அவர் செய்தது அத்தனையும் ஒரு சடங்காக நின்றுவிட்டது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. சூடம் தவிர மற்றதெல்லாம் சரியாகவே செய்தார் பெரியவர்.

டீச்சர் அடுத்த பஸ்ஸில் வந்தார். நான்தான் சொல்லியனுப்பியிருந்தேன். கூட்டம் விலகி வழிவிட்டது. ஒரு பெண் காலைத் தொட்டாள். இவர் பதறிப் பின்னால் நகர்ந்து, புற்றின் பக்கத்தில் நின்று பேசினார். வகுப்பில் பேசுகிற குரல்.

"இந்த மண்ணுல இருந்த ஒரு நுண்ணுயிர், தட்டுல ஒரு வகைச் சீழ்க் கிருமியைக் கொன்னது. அவ்வளவுதான் நான் பார்த்தது. மனுஷங்களுக்கு ஆகுமான்னு தெரியாது. ஆகாமலும் போகலாம். இதே மண்ணுல ரண ஜன்னிக் கிருமியும் இருக்கக்கூடும். அதனால புண்ணுல வைக்காதீங்க."

கூட்டம் கவனமாகக் கேட்டது. பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் எடுத்துச் சொன்னார்கள். "கிருமி செத்துட்டாம். டீச்சரே கண்ணால பாத்தாவளாம்."

அவர் இன்னும் தெளிவாக, இன்னும் பொறுமையாக மறுபடி சொன்னார். மறுபடியும் பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது அது மட்டும்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டம் இரண்டு மடங்கு என்று கேள்விப்பட்டேன். "டீச்சர் நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாவ" என்பதும் சேர்ந்துகொண்டது.

கோமதியின் கால் கணுக்காலுக்கு மேல் கறுத்துவிட்டது. காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தாள். டாக்டர் வந்து பார்த்தார். பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார். கோமதி மாட்டேன் என்றாள். "அங்க போனா காலை எடுத்துருவானுவோ. மண்ணு இழுக்குது. உள்ள இழுக்கது எனக்குத் தெரியுது." ஆறுமுகம் மனைவி சொன்னதற்குத் தலையாட்டினார். டாக்டர் வெளியே வந்து டீச்சரிடம் சொன்னார்: "நாளைக்குள்ள போகலன்னா கால் போகும். அதுக்கும் அடுத்த நாள்னா ஆளே போயிரும். நான் சொல்லிப் பாத்துட்டேன். அவளுக்கு நீங்க சொன்னதுதான் வேதவாக்கு."

டீச்சர் உள்ளே போனார். நானும் டாக்டரும் வாசலில் நின்றோம். தறி நின்றிருந்ததால் பேச்சு நன்றாகக் கேட்டது.

"கோமதி, அந்த மண்ணுல ஒண்ணும் இல்லை."

பிறகு ஆறுமுகத்தின் குரல். "அன்னைக்குக் கிருமி சாகுதுன்னு காட்டுனிய. இன்னைக்கு ஒண்ணும் இல்லங்கிய. எது நெசம் டீச்சர்? டாக்டரு சொல்லச் சொன்னாரோ? அப்படியே ஒண்ணும் இல்லன்னா பேப்பர்ல போட்டுச் சொல்லுங்க பாப்போம். ஊருக்கே சொல்லுங்க. நான் இவளத் தூக்கிட்டுப் போறேன்."

டீச்சர் வெளியே வந்தார். எங்களைப் பார்க்காமல் தன் வீட்டுக்குள் போய்விட்டார். அங்கே நின்றுகொண்டே நான் எதை நினைத்தேன் என்றால், மதுரைப் பேராசிரியர் அந்த வெள்ளைப் பொட்டை மாதக் கடைசிக்குள் கேட்டிருக்கிறார் என்பதைத்தான். ஏழு வருஷத் தேடலில் டீச்சருக்குக் கிடைத்தது அது ஒன்று.

மதுரை பஸ் கிளம்பும் நேரம் டீச்சர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். நான் கவரை ஒட்டப்போனேன். கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினார்.

"செய்தி கேட்டீங்களே. தர்றேன். எழுதிக்கங்க."

எழுதினேன். குருவிகுளம் சாலையில் உள்ள புற்றுமண்ணைத் தாம் முழுமையாகச் சோதித்துவிட்டதாகவும், அதில் மருந்து எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்துவிட்டதாகவும், அதைப் புண்ணில் வைத்தால் உயிருக்கு ஆபத்து என்றும் ஆசிரியை தெரிவித்தார். அவர் பெயரையும் பள்ளியின் பெயரையும் போடச் சொன்னார்.

என் தொழிலில் ஒன்றை இரண்டு முறை கேட்பது பழக்கம். "முழுசா சோதிச்சாச்சா டீச்சர்?"

"போட்டுருங்க."

"நான் கேட்டது..."

"கண்டக்டர் விசில் ஊதறாரு பாருங்க," என்றார்.

அனுப்பினேன். அன்று இரவுப் பதிப்பில் மூன்றாம் பக்கத்தில் கட்டம் போட்டு வந்தது. காலையில் டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, ஆறுமுகம் கேட்டுக்கொண்டு நின்றார். பேப்பரை வாங்கித் தானும் ஒரு முறை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு வீட்டுக்குப் போய் மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, திருநெல்வேலி பஸ்ஸின் கடைசி சீட்டில் கிடத்தினார்.

பாளையங்கோட்டையில் சீழை எடுத்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று கண்டுபிடித்துப் போட்டார்கள். இரண்டு விரல் போயிற்று. கால் தப்பியது. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று அவள் ஊர் திரும்ப.

அதற்குள் ஊர் வேறொரு கதைக்குப் போயிருந்தது. டீச்சர் மருந்தைக் கண்டுபிடித்து பம்பாய்க் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார். மண்ணை எல்லோரும் அள்ளிவிட்டால் கம்பெனிக்கு இல்லாமல் போகும் என்று பேப்பரில் இல்லை என்று போட்டுவிட்டார். ஆடு மேய்த்த பெரியவர் மட்டும் இதை நம்பவில்லை. "அவ்வோ பொய் சொல்ல மாட்டாவ. இல்லன்னு சொன்னா இல்ல," என்று கல்லையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். புற்றைத் தேடி வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார்.

கோமதி கதையை நம்பினாள். அவள் கண்ணால் வட்டத்தைப் பார்த்தவள். ஊர் திரும்பிய அன்று சுவருக்கு மேலாக, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "எங்கால்ல இருந்த சீழ எடுத்து மருந்து கண்டுபிடிச்சிட்டு, எனக்கு இல்லன்னுட்டிய. ரெண்டு விரலு போயிட்டு. நல்லாருங்க டீச்சர்."

அந்தத் தெருவில் யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்துகிறவர் அவர். அன்று பின்கட்டில்தான் இருந்தார். பதில் சொல்லவில்லை.

அந்த வருஷமே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். டாக்டர் பட்டம் வாங்கினாரா, வேறு மண்ணில் வேறு எதையாவது கண்டாரா, எனக்குத் தெரியாது. அவர் போவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கோமதி திரும்பி வந்து நாலைந்து நாள் இருக்கும். பங்குனி வெயில் இன்னும் சுவரில் இருந்தது. டீச்சர் பின்கட்டில் பிரஷர் குக்கரை ஸ்டவ்வில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பானை திறந்திருந்தது. தட்டுகளையும், பஞ்சு அடைத்த ஒரு சின்னக் குழாயையும் ஒவ்வொன்றாகக் குக்கருக்குள் வைத்தார். குழாயின் மேல் பதினேழு என்று ஒட்டியிருந்தது.

"இது அதுல்லா டீச்சர்?"

"அதுதான்."

"மதுரைக்கு அனுப்பலையா?"

"அனுப்பினா அவங்க ஆராய்ச்சி பண்ணுவாங்க. எதாவது இருந்தா கட்டுரை வரும். எந்த ஊரு மண்ணுன்னு அதுல போட்டே ஆகணும். நீங்களே அதை எடுத்துச் செய்தி போடுவீங்க."

"நான் போடலன்னா?"

"வேற யாராவது போடுவாங்க. மறுபடி காலைக் கீறிட்டு அங்க போய் உக்காருவாங்க."

"எலிக்குக் குடுத்துப் பாத்துட்டு, ஆகாதுன்னு தெரிஞ்சா..."

"ஆகும்னு தெரிஞ்சா?"

அவர் மூடியைப் போட்டுத் திருகினார். ஸ்டவ்வைப் பம்ப் அடித்தார். நிமிர்ந்தபோது முகம் வேர்த்திருந்தது.

"கோமதி என்னைக்காவது மனசு மாறி வந்து, நேராக் கேட்பா," என்றார். "உண்மையா ஒண்ணும் இல்லையா டீச்சர்னு. அது எங்கிட்ட இருந்தா, இருக்குன்னு சொல்லிருவேன். என்னால ரெண்டாம் தடவை முடியாது."

வெயிட் ஆடத் தொடங்கியது. கிருமி எதையும் மிச்சம் வைக்காத ஆவி சீறிக்கொண்டு வந்தது. அந்த வெள்ளைப் பொட்டுக்கு ஒரு வாசனை உண்டாம். அதுவரை எனக்குத் தெரியாது. காய்ந்து வெடித்த தரையில் முதல் தூறல் விழுந்ததும் எழுமே, அதே வாசனை. பின்கட்டு நிறைந்து, சுவர் தாண்டிப் போயிற்று. வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் தார் சுற்றும் ராட்டையின் சத்தம் நின்றது.

"ஏ, இங்க வாங்க," என்று கோமதி உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "எங்கனயோ நல்ல மழ பெய்யுது. வாசம் வருது பாருங்க."